இணை ஆசிரியர்: தாழம்பூ

ஆராய்ச்சி உலகின் முதல் மோசடி நடந்த ஊர் திருவண்ணாமலை. சம்பந்தப்பட்ட இருவருமே துறைத் தலைவர்கள். ஒருவர் படைத்தல், இன்னொருவர் காத்தல். இருவருக்கும் நெடுநாள் சீனியாரிட்டி தகராறு. யார் பெரியவர், யார் பெயர் முதலில் வர வேண்டும், விழா மேடையில் நடு நாற்காலி யாருக்கு என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் பார்க்கிற சங்கதிதான். தகராறு முற்றியபோது நடுவில் ஒரு நெருப்புத் தூண் எழுந்தது. ஒருவர் இதன் அடியைக் கண்டு வரட்டும், மற்றவர் முடியைக் கண்டு வரட்டும், முதலில் கண்டவர் பெரியவர் என்று ஏற்பாடு. ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட் ஒரே வரி. ஃபண்டிங் தாராளம். டெட்லைன் கிடையாது. இப்படி ஒரு ப்ராஜெக்ட் அதற்குப் பிறகு எந்த வாத்தியாருக்கும் வாய்க்கவில்லை.

விஷ்ணு பன்றியாகிக் கீழே தோண்டினார். யுகக்கணக்கில் தோண்டியும் அடி தட்டுப்படவில்லை. மூக்கெல்லாம் மண்ணாகத் திரும்பி வந்து காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரம்மா அன்னமாகி மேலே பறந்தார். அவருக்கும் தட்டுப்படவில்லை. இறக்கை வலித்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு தாழம்பூ விழுந்துகொண்டிருந்தது. சிவன் தலையிலிருந்து கிளம்பி யுகம் யுகமாக விழுந்துகொண்டிருப்பதாகச் சொன்னது. புத்தியுள்ள ஆராய்ச்சியாளன் அந்த இடத்தில் என்ன செய்திருப்பான்? பூ விழும் வேகத்தையும் விழுந்த காலத்தையும் பெருக்கி, தூண் குறைந்தபட்சம் இவ்வளவு உயரமாவது இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டிருப்பான். உருப்படியான கட்டுரையாக வந்திருக்கும். பிரம்மா அந்தச் சிரமத்துக்குப் போகவில்லை. தான் முடியைப் பார்த்ததாக ஒரு சாட்சி சொன்னால் போதும் என்று பூவிடம் பேசி முடித்தார். பூவும் சம்மதித்தது. வேலை எதுவும் செய்யாமல் பெயரை மட்டும் கொடுக்கும் இணை ஆசிரியர் என்கிற பதவி அன்றைக்கு உண்டானது.

விசாரணைக் கமிட்டி கண்டிப்பானது. பிரம்மாவுக்கு இனிக் கோவில் கிடையாது, தாழம்பூ இனிச் சிவபூஜைக்கு ஆகாது என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டுக்கு வழியில்லாமல் அமலுக்கும் வந்துவிட்டது. நம் பக்கத்தில் அநேகமாக எந்தச் சிவன் கோவிலுக்குப் போனாலும் கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவரைப் பார்க்கலாம். கீழே பன்றி, மேலே அன்னம், இரண்டுமே பாதி வழியில். தோற்றுப்போன ஒரு ஆராய்ச்சியைக் கல்லில் செதுக்கி வைத்துக் கும்பிடுகிற ஜனம் நாம்தான். (சாமியை இப்படிக் கிண்டல் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: காளமேகப் புலவர் இதைவிட மோசமாகச் செய்தார். சாமி ஒன்றும் சொல்லவில்லை.)

இந்தக் கதையை இன்று அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர்கள் ஃபைனைட் எலிமென்ட் ஆட்கள். மெக்கானிக்கல் அல்லது சிவில் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும், பெரும்பாலும் 'அரியர்' என்கிற சொல்லோடு சேர்ந்து. விஷயம் இதுதான். ஒரு விமான இறக்கை, ஓர் அணை, ஒரு பிஸ்டன், எதுவானாலும் பாரம் ஏறினால் உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு அழுத்தம் உண்டாகிறது. புள்ளிகளுக்கு எண்ணிக்கை கிடையாது. சமன்பாடு கையில் இருக்கிறது. ஆனால் வட்டம், சதுரம் மாதிரி சாதுவான வடிவங்களைத் தவிர வேறு எதற்கும் அதைத் தீர்க்க முடியாது. அடியும் முடியும் காணாத இந்த விவகாரத்தில் மனிதன் கேள்வியையே மாற்றிக்கொண்டான். பொருளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டு (துண்டுக்குப் பெயர் எலிமென்ட், துண்டுகளின் வலைக்குப் பெயர் மெஷ்). ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் நகர்வு சீராக, நேர்கோட்டில் மாறுவதாக வைத்துக்கொள். பக்கத்துப் பக்கத்து முக்கோணங்களை மூலையில் முடிச்சுப் போடு. ஒவ்வொரு முடிச்சிலும் விசைகள் சமமாக வேண்டும் என்று எழுது. ஆயிரம் முடிச்சு என்றால் இரண்டாயிரம் சமன்பாடு. கம்ப்யூட்டரிடம் கொடு. துண்டு சிறிதாக ஆக, விடை உண்மைக்குக் கிட்டே போகும்; அதற்குப் பெயர் கன்வர்ஜ் ஆவது. சித்தாந்தம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பதவி உயர்வு.

இதை யார் முதலில் கண்டது என்பதில் இவர்களுக்குள்ளும் ஒரு அடிமுடிச் சண்டை உண்டு. 1941-ல் ஹ்ரென்னிகாஃப் என்கிற ரஷ்யாவில் பிறந்த கனடாக்காரர், தகட்டைக் கம்பிச் சட்டங்களின் கூட்டமாகப் பாவித்துக் கணக்குப் போட்டார். அதே வருஷம் ரிச்சர்ட் கூரண்ட் அமெரிக்கக் கணிதக் கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். ஹிட்லர் வந்ததும் கோட்டிங்கனில் வேலை பறிபோய் நியூயார்க் வந்து சேர்ந்தவர். உரை 1943-ல் அச்சானபோது, பரப்பை முக்கோணங்களாக வெட்டித் தீர்வு காணும் வழியைப் பின்னிணைப்பில் சேர்த்திருந்தார். பின்னிணைப்பை எவன் படிக்கிறான்? அது பாட்டுக்குப் பல வருஷம் தூங்கியது. கூரண்டும் தட்டி எழுப்பவில்லை. ஆய்வு மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். உங்கள் தீசிஸின் ஒரே நல்ல விஷயம் 'அப்பெண்டிக்ஸ் பி'யில் கிடக்கிறது என்றால் அது அங்கேயே பத்திரமாக இருக்கும். கைடு அதுவரை வரமாட்டார்.

ஐரோப்பாவில் ஜான் ஆர்கிரிஸ் என்கிற கிரேக்கர் 1954, 55-ல் ஒரு விமானப் பொறியியல் இதழில் தொடராக எழுதி, கட்டமைப்புக் கணக்கு முழுவதையும் மேட்ரிக்ஸுக்குள் கொண்டுவந்தார். முக்கோணம் தன் சொத்து என்பது அவர் கட்சி. அவர் சிஷ்யர்கள் இன்றும் அந்தக் கட்சியில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது போயிங் கதை. ஜெட் விமானத்தின் முக்கோண இறக்கை எவ்வளவு வளையும் என்று சியாட்டிலில் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரியாவிட்டால் இறக்கை வானத்தில் படபடத்துப் பிய்ந்துகொண்டு போய்விடும். கோடை விடுமுறையில் கல்லூரி வாத்தியார்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்கும் வழக்கம் அந்தக் கம்பெனியில் இருந்தது. 1952 கோடையில் பெர்க்லியிலிருந்து ரே கிளஃப் போனார். ஆள் சிவில் இன்ஜினியர். விமானம் அவர் சரக்கே அல்ல. தனக்குத் தெரிந்த வித்தையாக, இறக்கையை உத்தரங்களின் கூட்டமாக நினைத்துக் கணக்குப் போட்டார். சோதனையில் வளைந்ததற்கும் இவர் கணக்குக்கும் ஒட்டவே இல்லை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: ஒட்டவில்லை என்பதை அவர் ஒட்டியதாக எழுதவில்லை. சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டு 1953 கோடையில் மறுபடி வந்தார். அங்கே தலைமையில் இருந்த ஜான் டர்னர், இறக்கையின் மேல்தோலை முக்கோணத் தகடுகளாக வெட்டிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். வெட்டினார்கள். ஒட்டியது. 1956-ல் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப். நாலு பேர்தான். தாழம்பூ இல்லை.

1960-ல் பிட்ஸ்பர்க் மாநாட்டில் கிளஃப் இதற்கு ஃபைனைட் எலிமென்ட் மெத்தட் என்று பெயர் சூட்டினார். இரண்டு வருஷத்தில் அர்க்கன்சா மாநிலத்தில் விரிசல் விட்ட நார்ஃபோர்க் அணையை இந்த முறையில் ஆராய்ந்து காட்டியதும் சிவில்காரர்களுக்கும் நம்பிக்கை வந்தது. போலந்தில் வளர்ந்த ஸியன்கீவிச், அதுவரை ஃபைனைட் டிஃபரன்ஸ் என்கிற போட்டி முறையின் பக்தராக இருந்தவர், மதம் மாறி வேல்ஸில் ஸ்வான்சீயை இதற்கொரு மடமாக்கினார். 1967-ல் முதல் பாடப்புத்தகம் அவர் பெயரில்தான் வந்தது. மதம் மாறினவர்கள்தான் பிரசாரத்தில் எப்போதும் கெட்டி.

கிளஃபின் மாணவர் எட்வர்ட் வில்சன் 1970-ல் ஒரு மென்பொருள் எழுதி அதற்கு 'சாப்' என்று பெயர் வைத்தார். அமெரிக்கப் பேச்சு வழக்கில் மண்டு என்று அர்த்தம். வேண்டுமென்றேதான் வைத்தார். கம்ப்யூட்டருக்கு மூளை கிடையாது, மாடல் சரியா தப்பா என்பதற்கு இன்ஜினியர்தான் பொறுப்பு என்று பயன்படுத்துகிறவனுக்கு ஒவ்வொரு முறையும் உறைக்க வேண்டுமாம். அந்த மென்பொருளின் வாரிசுகள் இன்று சென்னையில் கட்டட வடிவமைப்பு ஆபீஸ்களில் ஓடுகின்றன. பெயரின் அர்த்தம் மட்டும் பாதி வழியில் உதிர்ந்துவிட்டது.

ஏறக்குறைய அதே சமயத்தில் ஜான் ஸ்வான்சன் என்கிறவர் வெஸ்டிங்ஹவுஸ் வேலையை விட்டுவிட்டுப் பிட்ஸ்பர்க் பக்கம் பண்ணை வீட்டில் உட்கார்ந்து அன்சிஸ் என்கிற மென்பொருளை எழுத ஆரம்பித்தார். அவருக்குச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது; வாடகைக்கு நேரம் எடுத்துக் கார்டு ஓட்டினார். அந்த அன்சிஸ் 2025-ல் சினாப்சிஸ் கம்பெனிக்குக் கைமாறியபோது விலை சுமார் 3,500 கோடி டாலர். நம் ஊர் ஆய்வு மாணவர்கள் பலர் அதே சரக்கைப் பென் டிரைவில் நண்பனிடம் இனாமாக வாங்கியிருக்கிறார்கள் என்பது சினாப்சிஸ் கணக்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் மாரடைப்பு வரும்.

நம் பக்கம் இந்த மதம் பரவியது சென்னை ஐஐடி வழியாக. 1973-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியில் ஐபிஎம் 370/155 அங்கே வந்து இறங்கியது. சமன்பாட்டை ஃபோர்ட்ரானில் எழுதி, கார்டில் ஓட்டை போட்டு, கட்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வர வேண்டும். மறுநாள் போனால் மடிப்பு மடிப்பாகத் தாள் காத்திருக்கும். அதில் ஒரே ஒரு வரி: முப்பத்தேழாவது கார்டில் கமா இல்லை. அடுத்த கமாவுக்கு அடுத்த நாள். அப்படி வளர்ந்தவர்கள் ஒரு கணக்கை ஓட்டுவதற்கு முன் பத்து தரம் யோசித்தார்கள். இப்போது பத்து தரம் ஓட்டிவிட்டு யோசிக்கிறோமா என்றால், அதுவும் நிச்சயமில்லை.

அந்த ஐஐடியில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய கங்கன் பிரதாப்பின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபைனைட் எலிமென்டில் ஒரு பழைய வியாதி உண்டு. மெல்லிய உத்தரத்தை ஒருவகை எலிமென்டால் மாடல் செய்தால், அது வளைய மறுத்து விறைத்து நிற்கும். நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் வளைய வேண்டியது, கணக்கில் முடி அளவுகூட அசையாது. உலகத்து ஆட்கள் இதற்குக் கணக்கை அங்கங்கே அரைகுறையாகக் கூட்டி வைத்தியம் செய்து வந்தார்கள். வியாதி தீரும், ஏன் தீர்ந்தது என்று கேட்டால் பதில் வராது. பெங்களூர் தேசிய வான்வெளி ஆய்வகத்தில் உட்கார்ந்து பிரதாப் காரணத்தைப் பிடித்தார். உத்தரத்தின் வளைவுக்கும் அதன் குறுக்குவெட்டு திரும்பும் கோணத்துக்கும் நாம் தரும் கணித வடிவங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, பொருந்தாத பகுதி பொய்யான விறைப்பாகக் கிளம்புகிறது என்று விளக்கினார். 1990-ல் பட்நாகர் விருது. 1993-ல் ஒரு புத்தகம். நல்ல மனிதர், நல்ல வேலை.

பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆராய்ச்சியாளர்களை அளக்கும் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்கிற கணக்கில் இறங்கி, 2010-ல் பி-இண்டெக்ஸ் என்று சொந்தமாக ஒரு அளவுகோலையே செய்தார். மேற்கோள் எண்ணிக்கையை வர்க்கப்படுத்தி, கட்டுரை எண்ணிக்கையால் வகுத்து, கன மூலம் எடுக்க வேண்டும். சும்மா கட்டுரைகளாக எழுதிக் குவித்தால் இந்த எண் இறங்கும். உத்தரத்தின் பொய் விறைப்பைப் பிடித்தவர் கடைசியில் வாத்தியார்களின் பொய் விறைப்பைப் பிடிக்கப் போனார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். உத்தரம் சொன்னபடி கேட்டது. வாத்தியார்கள் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பிஎச்.டி. ஸ்காலர் என்பவர் ஒரு தனி ஜென்மம். கேட் எழுதித் தேறி ஃபெலோஷிப் கிடைத்தவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர் ஒரு தனியார் கல்லூரியில் வாரம் பூராவும் வகுப்பெடுத்துக்கொண்டு, இரவில் மெஷ் போடுகிறார். ஆறு மாதத்துக்கு ஒரு டாக்டரல் கமிட்டி மீட்டிங். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், சுற்றி முடித்தால் புறப்பட்ட இடத்துக்கே வருவோம். அந்த மீட்டிங்கும் அப்படித்தான், புண்ணியம் மட்டும் கிடையாது. பல பல்கலைக்கழகங்களில் தீசிஸ் கொடுப்பதற்குக் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும், அதுவும் பட்டியலில் உள்ள இதழில். பட்டியலின் யோக்கியதை என்ன என்றால், யுஜிசி தானே அங்கீகரித்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் ஒரே வீச்சில் 4,305 இதழ்களைத் தூக்கியது. அதுவரை அவற்றில் எழுதிப் பதவி உயர்வு வாங்கியவர்களை யாரும் தூக்கவில்லை.

எழுதுவதற்குத் தலைப்பு? நாலைந்துதான். லீஃப் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், கனெக்டிங் ராட், பிஸ்டன். இரும்புக்குப் பதில் அலுமினியம், அலுமினியத்துக்குப் பதில் காம்போசிட். பிஸ்டனின் தலை சிவப்பாகவும் பாவாடை நீலமாகவும் ஒரு படம். எடை இத்தனை சதவீதம் குறைந்தது, ஆகவே புதுப் பொருள் உத்தமம் என்று ஒரு முடிவுரை. பிஸ்டன் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் படம் எப்படி உருவாகிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். ராத்திரி பதினொரு மணி. லேபில் ஒரே ஒரு ட்யூப்லைட். ஸ்காலர் ஒரு எல் வடிவத் தாங்கியை மாடல் செய்திருக்கிறார். உள்மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு. அழுத்தம் 180 மெகாபாஸ்கல். மெஷ்ஷைப் பொடியாக்கி மறுபடி ஓட்டினால் 260. இன்னும் பொடியாக்கினால் 370. கன்வர்ஜ் ஆக வேண்டியது ஏறிக்கொண்டே போகிறது. தப்பு அவர்மேல் இல்லை. உள்பக்கம் வளைவே இல்லாமல் கூர்மையாக வெட்டிய மூலையில், கணக்கின்படி அழுத்தத்துக்கு உச்சமே கிடையாது. எவ்வளவு பொடியாக வெட்டினாலும் அது இன்னும் மேலே போகும். லேபில், அந்தச் சிவப்புப் பொட்டுக்குள், முடி காணாத தூண் நிற்கிறது.

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. பன்றி வழியில் போனால், இந்த மூலையில் விடை இல்லை, மூலைக்கு நிஜத்தில் உள்ளபடி ஒரு வளைவு கொடுக்க வேண்டும் என்று எழுதி, மாடலை முதலிலிருந்து செய்ய வேண்டும். மூன்று வாரம் போகும். அன்ன வழி சுலபம். சோதனையில் 262 வந்ததா? 260 கொடுத்த மெஷ்ஷை எடுத்துக்கொள், 'நல்ல ஒத்திசைவு' என்று எழுது, மற்ற இரண்டையும் அழி. அதுவும் சரிப்படாவிட்டால் பக்கவாட்டில் இருக்கும் வண்ணப் பட்டையின் உச்ச வரம்பை ஏற்றிவிடு. சிவப்பு பச்சையாகிவிடும், பாரம் ஒரு கிலோகூடக் குறையாமல். சாட்சிக்கு ஆள் வேண்டுமா, துறையில் நாலு பேர் இணை ஆசிரியராகத் தயாராக இருக்கிறார்கள்.

எல்லாரும் அப்படி என்று சொன்னால் பாவம். மூன்று வாரத்தைச் செலவழிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் தீசிஸ் தாமதமாகிறது, அவ்வளவுதான். பல பேர் பட்டத்தை விட்டுவிட்டுப் பெங்களூருக்கோ சென்னை ஓ.எம்.ஆருக்கோ போய், ஏதோ ஒரு நாட்டுக் கார் கம்பெனிக்கு மெஷ் போட்டுக் கொடுக்கிறார்கள். மோதல் சோதனைக்கான ஒரு கார் மாடலில் பல லட்சம் எலிமென்ட் இருக்கும். கதவு ஒருவருக்கு, பம்பர் ஒருவருக்கு. தன் கதவு எந்தக் காரில் மாட்டியது என்று தெரியாமலே ரிட்டயர் ஆகலாம்.

கல்லூரியில் தங்கிவிடுகிறவர்களுக்கு வேறு சித்தி கைகூடுகிறது. இதற்கும் திருவண்ணாமலையில் முன்னுதாரணம் உண்டு. பிரபுடதேவராயனுக்குப் பார்வை போனபோது, பாரிஜாதம் கொண்டுவர வேண்டி அருணகிரிநாதர் உடலைக் கோபுரத்தில் வைத்துவிட்டுக் கிளியின் உடலில் புகுந்து போனார் என்பது ஊர்க்கதை. டேட்டா சேகரிக்கப் போன நேரத்தில், ராஜாவிடம் செல்வாக்கான போட்டியாளன் சம்பந்தாண்டான், வைத்துவிட்டுப் போன உடலை எரித்துவிட்டான். திரும்பி வந்தவர் கிளியாகவே இருக்க வேண்டியதாயிற்று. கிளிக் கோபுரம் இன்றும் இருக்கிறது. லீவில் போய்த் திரும்புவதற்குள் துறையில் தன் அறை பறிபோனவர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். அருணகிரியால் ஒரு உயிரை ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்குத்தான் மாற்ற முடிந்தது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட பட்டியலைப் பார்த்தால் நம் இன்ஜினியரிங் கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர் அவரைத் தாண்டிவிட்டார்கள். முழுநேரப் பேராசிரியராக ஒரே ஆள் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளின் கணக்கில், ஒருவர் பதினொன்றில். ராஜகோபுரத்துக்கும் பதினொரு நிலைதான். நிலைக்கு ஒரு கல்லூரி.

கோபுரம் என்றதும் ஒரு வாக்கியம் எல்லார் வாயிலும் வரும்: கம்ப்யூட்டர் இல்லாமலே 217 அடிக்குக் கட்டினான் பார்! கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைக்க, செவ்வப்ப நாயக்கர் முடித்த கோபுரம். பெருமைப்பட வேண்டியதுதான், ஆனால் காரணத்தோடு படலாம். அடியில் கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். செங்கல் கட்டு ஒரு கன மீட்டர் சுமார் இரண்டு டன். 66 மீட்டருக்கு நேராக அடுக்கினாலும் அடியில் சதுர மீட்டருக்கு 130 டன் சொச்சம். மேலே போகப்போகக் குறுகுவதால் நிஜத்தில் இன்னும் கம்மி. நல்ல கருங்கல் நொறுங்க வேண்டுமானால் பத்தாயிரம் டன் வேண்டும். நசுங்கி விழும் பயமே கிடையாது. கேம்பிரிட்ஜில் ஜாக் ஹேமன் இதைத்தான் 1966-லிருந்து சொல்லி வந்தார்: கற்கட்டடத்தைக் காப்பாற்றுவது கல்லின் வலு அல்ல, வடிவம். பாரம் போகும் பாதை சுவருக்குள்ளேயே இருந்தால் கட்டடம் நிற்கும். விழுவதாக இருந்தால் அஸ்திவாரம் இறங்கி, தண்ணீர் புகுந்து, அரசங்கன்று வேர்விட்டு, விரிசல் திறந்துதான் விழும். கோபுரத்தை ஒரே வார்ப்பு இரும்பு போல மாடல் செய்து, சிவப்பு எங்கேயும் இல்லை, ஆகவே பத்திரம் என்று கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இது உறைக்க வேண்டும்.

அதே ராயர் 1516-ல் கட்டிய காளஹஸ்திக் கோபுரம் விரிசல் விட்டு, 2010 மே 26-ம் தேதி இரவு விழுந்தது. ஜனங்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள். பஞ்சபூதத் தலங்களில் அது வாயு, அண்ணாமலை அக்னி, காஞ்சி ஏகாம்பரநாதர் பிருத்வி. காஞ்சியிலும் தெற்குக் கோபுரம் ராயர் கட்டியதுதான். ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் அந்தக் கோவிலை எடுத்துக்கொண்டு, நிலநடுக்கம் வந்தால் கோபுரமும் மண்டபமும் எப்படி ஆடும், எங்கே பிளக்கும் என்று கணக்கிட்டு 2018-ல் 'சாதனா' இதழில் எழுதினார்கள். செய்தால் அப்படிச் செய்ய வேண்டும்.

செய்யத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நார்வேக்காரர்கள் 1991-ல் ஒரு பாடம் எழுதி வைத்தார்கள். ஸ்லைப்னர் ஏ என்கிற எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம். நாஸ்ட்ரான் மென்பொருளில் மாடல் செய்தார்கள். மூன்று சுவர்கள் கூடும் மூலையில் மெஷ் போதாமல், அங்கே வெட்டு விசையை 47 சதவீதம் குறைத்துக் காட்டியது மாடல். அந்தத் தப்பு யார் கண்ணிலும் படவில்லை. ஆகஸ்ட் 23-ம் தேதி சோதனைக்காக நீரில் இறக்கும்போது சுவர் பிளந்து, மொத்தமும் மூழ்கி, கடலடியில் மோதியதில் ரிக்டர் அளவில் 3 பதிவானது. உயிர்ச்சேதம் இல்லை. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். பிறகு ஒழுங்காக மெஷ் போட்டுப் பார்த்தபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது, உடைந்தது 65-ல். முறை சரியாகத்தான் இருந்திருக்கிறது. மூழ்கியதற்குப் பதிலான புது மேடையை அவசரத்தில் முதலில் ஸ்லைடு ரூல் காலத்துக் கணக்கில் வடிவமைத்தார்கள் என்பதும் வரலாறு. முறைக்குப் பெயர் வைத்த கிளஃபே பிற்காலத்தில் பெர்க்லியில் நடுங்கும் மேசை அமைத்து, நிஜக் கட்டமைப்பை நிஜமாக ஆட்டிப் பார்க்கிற பக்கம் போய்விட்டார்.

இனிக் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன். 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக வீட்டின்மேல் இறங்கியது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஐஐடியிலிருந்து நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். மலையடிவாரத்தில் இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. சரிவில் மண் எவ்வளவு ஆழம், மழைநீர் எவ்வளவு இறங்கினால் உள்ளழுத்தம் எவ்வளவு ஏறும், எந்த மழையில் எந்த இடம் நகரும் என்பதெல்லாம் கணக்கிடக் கூடியவை. மண்ணின் வலுவைக் கணினியில் படிப்படியாகக் குறைத்து, எந்தக் கட்டத்தில் சரிகிறது என்று பார்க்கும் முறையை ஸியன்கீவிச்சும் சகாக்களும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. துளை போட்டு மண் எடுக்க வேண்டும், லேபில் சோதிக்க வேண்டும், மழைமானி வைக்க வேண்டும்.

எம்.இ. ப்ராஜெக்டுக்கும் பிஎச்.டி.க்கும் தலைப்புத் தேடுகிற பிள்ளைகளே, லீஃப் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு இதை எடுங்கள். கணக்கு கன்வர்ஜ் ஆகாவிட்டால் ஆகவில்லை என்றே எழுதுங்கள். கைடுகளே, அதற்கும் கையெழுத்துப் போடுங்கள்.